மழைக்கு முன்பே பங்கு பேசுக

காவிரிப் படுகையில் மழை தாராளமாகப் பெய்த வருஷங்களில் விவகாரம் பெரிதாக எழுவதில்லை. கிருஷ்ணராஜசாகரமும் கபினியும் நிரம்பிவிட்டால் மேட்டூருக்கு ஜலம் வந்தே தீரும். தென்மேற்குப் பருவம் பொய்த்த வருஷங்களில்தான், 2012-லும் 2016-லும் 2023-லும் நேர்ந்ததைப்போல, மனுவும் மறியலும் பந்தும் தொடங்கி, குறுவைப் பயிர் கருகிய பிற்பாடு உத்தரவு வந்து சேர்கிறது. சாதாரண வருஷத்தில் கர்நாடக-தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. சேரவேண்டும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. பற்றாக்குறை வருஷத்தில் அவரவர் பங்கை விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றமும் 2007-லேயே விதித்திருக்கிறது. ஆனால் ஆகஸ்டு மாதத்தின் நடுவே, இனி எவ்வளவு மழை வரும் என்பதை எவரும் அறியாத நிலையில், அந்த விகிதத்தை எதன்மேல் கணக்கிடுவது என்பதற்கு இரு மாநிலங்களும் மனமொப்பிய சூத்திரம் இன்றுவரை இல்லை.

இத்தகைய மோதல்களை ஆராய்வதற்கென்றே கணித சாஸ்திரத்தில் ஆட்டக் கோட்பாடு என்றொரு பிரிவு வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தரப்பும் என்னென்ன செய்யக்கூடும், எதை எதற்கு மேலாக விரும்பும், ஒருவர் அசைந்தால் மற்றவர் எவ்விதம் எதிர்வினை புரிவார் என்று அது வரிசைப்படுத்திப் பார்க்கிறது. அந்தக் கண்கொண்டு நோக்கினால், ஆகஸ்டில் அணையை மூடிவைப்பது மேல் மாநிலத்துக்கும், கோர்ட்டுக்குப் போவது கீழ் மாநிலத்துக்கும் தத்தம் அளவில் சரியான முடிவாகவே தோன்றும். தனித்து விலகுகிறவர் நஷ்டமடைவார் என்பதால், இருவருக்கும் தீங்கான அந்த நிலையிலேயே இருவரும் கட்டுண்டு நிற்கிறார்கள். அதே பேச்சை மே மாதத்திலேயே, யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது தெரியாத சந்தர்ப்பத்தில் பேசினால், நியாயமான சூத்திரத்துக்கு இணங்குவதில் இரு தரப்புக்கும் லாபமுண்டு என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

மாநிலத்தை ஒற்றை மனிதனாகப் பாவிக்கும் கணக்கு மட்டும் நமக்கு வேண்டாம். பெங்களூரின் குடிநீர்க் குழாயும் மாண்டியாவின் கரும்புத் தோட்டமும் ஒரே நாட்டத்தை உடையவை அல்ல; ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் குறுவை விவசாயியும், சம்பாவையே நம்பியிருக்கும் கடைமடை விவசாயியும் அப்படியே. அரசுகள் பேச மறுத்த நாட்களில், 2003-ஆம் வருஷத்தில், இரு மாநில விவசாயிகளும் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் கூடிப் பரஸ்பரம் வயல்களைப் பார்வையிட்டார்கள். அந்தப் பார்வையால் உண்டான இணக்கத்தை எந்த அதிகாரக் குழுவும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது நமக்குப் பெரும் வருத்தமே.

அணை யார் கையில் இருக்கிறதோ அவர் ஏன் இணங்குவார் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆட்டம் ஒரு வருஷத்தோடு முடிவதில்லை. மழை பொய்க்கும் வருஷந்தோறும் செப்டம்பரில் கோர்ட்டு உத்தரவையும் தெருக் கொந்தளிப்பையும் எதிர்நோக்கும் நிலையைக் காட்டிலும், எவ்வளவு விடவேண்டும், எவ்வளவு பயிரிடலாம் என்று முன்னரே அறிந்திருப்பது மேல் மாநிலத்து விவசாயிக்கும் அனுகூலமே.

ஆகையால் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அடுத்த மே மாதத்துக்குள் பற்றாக்குறைப் பகிர்வுச் சூத்திரத்தை வகுத்து, அதற்கு ஆதாரமான நீர்வரத்துக் கணக்குகள் யாவற்றையும் தமிழிலும் கன்னடத்திலும் பிரசுரித்து, இரு பக்கத்து விவசாயப் பிரதிநிதிகளையும் அக்கணக்கைப் பரிசீலிக்க அழைக்க வேண்டும்.