பூமிக்கடியில் பைப்லைனை அரிக்கும் கரன்ட், கிருமி... கண்காணிப்பு எங்கே?

2000 ஆகஸ்ட் 19. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் அருகே எரிவாயு பைப்லைன் வெடித்தது. பீகோஸ் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 12 பேர் உயிரிழந்தார்கள். 1950-ல் பதிக்கப்பட்ட 30 அங்குல எஃகுக் குழாய் அது. உட்புறம் அரித்து, சுவர் மெலிந்துபோயிருந்தது. ஈரம், உப்பு, அவற்றோடு நுண்ணுயிரிகளும் சேர்ந்து அரித்திருக்கலாம் என்றது விசாரணை.

'மண்ணுக்குள்ள கிடந்தா துருப்பிடிக்கத்தானே செய்யும்?' என்று கேட்கலாம். விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

கரன்ட் என்ன செய்யும்?

டி.சி. மின்சாரத்தில் ஓடும் ரயில், டிராம் பாதைகளில், தண்டவாளம் வழியாகத் திரும்ப வேண்டிய கரன்ட்டில் கொஞ்சம் மண்ணில் கசியும். அருகில் குழாய் இருந்தால் அதில் ஏறிக்கொள்ளும். ஏறும் இடத்தில் பிரச்னை இல்லை. இறங்கும் இடத்தில்தான் ஆபத்து. இறங்கும்போது இரும்பையும் கரைத்துக்கொண்டு போகும். 1 ஆம்பியர் கரன்ட் ஓராண்டு முழுக்க இப்படி வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு காலி!

கிருமிக்கு என்ன வேலை?

காற்றே புகாத களிமண்ணில் துருப்பிடிக்காது என்று நினைப்போம். ஆனா, அங்கேதான் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் செழிப்பாக வளரும், இரும்பும் அரிக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1934-லேயே இதை விளக்கிவிட்டார்கள்.

தீர்வு இருக்கிறதா?

இருக்கு. குழாய்க்கு மேல்பூச்சு, அதோடு 'கத்தோடிக் பாதுகாப்பு'. அதாவது, வெளியிலிருந்து கரன்ட் கொடுத்து இரும்பு கரையாமல் தடுப்பது. வழக்கமாக மைனஸ் 850 மில்லிவோல்ட் போதும். பாக்டீரியா இருக்கும் மண்ணில் மைனஸ் 950 வரை போக வேண்டும். மேல்பூச்சு உரிந்து தொங்கினால், அதற்கு அடியில் இந்தக் கரன்ட் சரியாகப் போய்ச் சேராது.

முக்கியமான விஷயம், இது குழாயின் வெளிப்புறத்துக்கு மட்டும்தான் காவல். உட்புறத்தைக் காக்க, தேங்கும் நீரை வெளியேற்றணும், 'பிக்' கருவியை உள்ளே ஓட்டிச் சுத்தம் செய்யணும், சுவரின் தடிமனை அளக்கணும். கார்ல்ஸ்பாடில் வெடித்த பகுதி, சுத்தம் செய்யும் 'பிக்' போகிற மாதிரி அமைக்கப்படவே இல்லை.

எனவே, 'பாதுகாப்பு வசதி இருக்கு' என்று நிறுவனங்கள் சொல்வது மட்டும் போதாது. குழாயின் உட்புறத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், சுவர் எவ்வளவு மிச்சமிருக்கிறது? குழாய் போகும் வழியில் குடியிருப்பவர்களுக்கு இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும். மண் மூடிவிட்டது என்பதற்காகக் கணக்கும் மூடிக்கிடக்கக் கூடாது.