தேடல் பெட்டிக்கு மூளை வந்தாச்சு, சீட்டு எங்கே போச்சு?

ஹாலிவுட் படங்களில் வெண்தலைக் கழுகு வானத்தில் வட்டமடிக்கும்போது உடம்பே சிலிர்க்கிற மாதிரி நீளமாக ஒரு கத்தல் வருமே, கேட்டிருப்பீர்கள். அது கழுகின் குரலே கிடையாது! செவ்வால் பருந்து என்கிற வேறொரு பறவையின் குரல். நிஜக் கழுகு வாயைத் திறந்தால் ஏதோ குஞ்சு சிணுங்குகிற மாதிரி மெலிசாக இருக்கும். அமெரிக்காவின் தேசியச் சின்னத்துக்கு அது எடுபடாது என்று இரவல் குரல் கொடுத்துவிட்டார்கள்.

தவளை கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்கக் குழந்தையிடம் தவளை எப்படிக் கத்தும் என்று கேட்டால் "ரிபிட், ரிபிட்" என்று சொல்லும். உலகத்தில் எத்தனையோ ஆயிரம் வகைத் தவளைகள், ஆளுக்கொரு குரல். "ரிபிட்" என்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் பசிபிக் மரத்தவளையின் குரல். ஹாலிவுட் இருப்பது கலிபோர்னியாவில். பக்கத்தில் கத்திய தவளையைப் பதிவு செய்தார்கள், எந்த நாட்டுக் காட்டைக் காட்டினாலும் அதையே போட்டார்கள். அதே மாதிரி ஆஸ்திரேலியாவின் கூக்கபரா பறவை, ஆப்பிரிக்கக் காட்டில் நடக்கும் பழைய டார்ஜான் படங்களில் சிரித்துக்கொண்டிருக்கும்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதலில் குரலை மாற்றிய ஆளுக்கு உண்மை தெரியும். அவருக்குப் பிறகு வந்த பத்தாவது ஆளுக்கு? "கழுகு" என்று பெயர் எழுதிய ஒரு ஃபைல் மட்டும்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, சீட்டில் இருந்ததை நம்பினார். அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சினிமா, டிவி, கேம் எதுவானாலும் சவுண்ட் எடிட்டரின் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் ஒலிக் கோப்புகள் கிடக்கும். கதவு, மழை, கார், கூட்டம், நாய்... அதில் வேண்டியதைத் தேடி, கேட்டுப் பார்த்து, டைம்லைனில் கொண்டுபோய் வைக்க உதவுவதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. சவுண்ட்மைனர், பேஸ்ஹெட், சவுண்ட்லி எல்லாம் இந்த ஜாதிதான். முன்பு இவற்றில் தேடல் என்றால் எழுத்துத் தேடல். "மரக்கதவு" என்று அடித்தால், விவரக் குறிப்பில் அந்த வார்த்தை உள்ள ஃபைல் வரும். குறிப்பு எழுதாத ஃபைல் இருந்தும் இல்லாத மாதிரி.

இப்போது இந்தத் துறையில் வருகிற புது வசதிகளைப் பாருங்கள். அர்த்தத்தை வைத்துத் தேடலாம், குறிப்பில் வார்த்தையே இல்லாவிட்டாலும் ஒலியைக் "கேட்டு" எடுத்துக் கொடுக்கும். ஒரு சத்தத்தைக் காட்டி "இது மாதிரியே இன்னும் பத்து" என்று கேட்கலாம். பெயரில்லாத ஃபைல்களைக் கொட்டினால் தானே வகை பிரித்துப் பெயர் ஒட்டும். தேடியும் கிடைக்கவில்லையா? தயாரித்தே கொடுக்கும்! 2024இல் இலெவன்லேப்ஸ் நிறுவனம், எழுதிக் கேட்டால் ஒலியைச் செய்து தரும் கருவியை வெளியிட்டது. இன்னும் சிலரும் அதே வழியில் இறங்கியிருக்கிறார்கள்.

ஆஹா, ஓஹோதான். ராத்திரி இரண்டு மணிக்கு டெட்லைனோடு மல்லுக்கட்டும் அசிஸ்டென்ட் எடிட்டருக்கு இது வரப்பிரசாதம், மறுப்பதற்கில்லை. கேள்வி அதுவல்ல. தேடுகிறவனுக்கு இத்தனை சௌகரியம் செய்கிற மென்பொருள், தேடிக் கிடைத்த பொருள் எது, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல என்ன செய்திருக்கிறது?

சீட்டு எழுத இடமில்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் கூட்டமைப்பு 1997இலேயே பிராட்காஸ்ட் வேவ் என்கிற கோப்பு முறையைக் கொண்டுவந்தது. ஒலிக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுத 256 எழுத்து, உருவாக்கியவர் பெயருக்கு 32 எழுத்து, தேதிக்கும் நேரத்துக்கும் தனித்தனிக் கட்டம். பின்னால் வந்த ஐ-எக்ஸ்-எம்-எல் குறிப்பில் பதிவு செய்த இடத்தையும் எழுத முடியும். 2020இல் டிம் நீல்சன் முதலான ஒலிக் கலைஞர்கள் சேர்ந்து யூ.சி.எஸ். என்ற பொது வகைப்பாட்டை இலவசமாகவே கொடுத்தார்கள். 82 பெரிய வகைகள், அதற்குள் நூற்றுக்கணக்கில் உட்பிரிவுகள். ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்த குழப்பம் அதனால் நிறையவே குறைந்தது. கோப்பின் பெயரிலேயே வகை, ஒலியின் பெயர், உருவாக்கியவர், மூலத் தொகுப்பு என்று நான்கு பகுதி வேண்டும் என்கிறது யூ.சி.எஸ். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நான்கில் எடுத்த இடத்துக்கு என்று ஒரு பகுதி இல்லை.

கட்டம் இருக்கிறது, நிரப்புவதுதான் கேள்வி. புது வசதி அந்தக் கட்டத்தை நிரப்பவே வேண்டாம் என்று ஆக்குகிறது! குறிப்பு இல்லாமலே ஃபைல் கிடைக்கும் என்றால், எவன் உட்கார்ந்து குறிப்பு எழுதுவான்? இதுவரை சோம்பேறித்தனத்துக்குத் தண்டனை இருந்தது: எழுதாதவன் ஃபைல் தொலையும். இனி அதுவும் கிடையாது.

"தானே பெயர் ஒட்டும்" என்பது அதைவிடப் பெரிய வம்பு. இயந்திரத்துக்குக் காது மட்டும்தான் உண்டு, கண் கிடையாது. அப்பளம் பொரிகிற சத்தமும் மழைச் சத்தமும் கண்ணை மூடிக் கேட்டால் மனுஷனுக்கே குழம்பும். அது எண்ணெய்ச் சட்டிதான் என்று தெரிந்தவர், பக்கத்தில் நின்று மைக் பிடித்தவர் ஒருவரே. இன்னொன்று, இயந்திரம் பாடம் படித்தது எதை வைத்து? ஏற்கெனவே ஒட்டிய சீட்டுகளை வைத்து. அந்தச் சீட்டுகளில் செவ்வால் பருந்து "கழுகு" என்று இருந்திருந்தால், இயந்திரமும் பருந்தைக் கேட்டுவிட்டுக் கழுகு என்றுதான் சத்தியம் செய்யும். ஒரு ஆள் செய்த தப்பை ஒரே ராத்திரியில் ஒரு லட்சம் ஃபைலில் அச்சடிக்கும்.

"சினிமா சவுண்டே பொய்தானே ஐயா, தேங்காய்ச் சிரட்டையைத் தட்டித்தானே குதிரை ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எலும்பு முறிய செலரித் தண்டை ஒடிப்பார்கள். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஒளிவாள் ஓசையை, ஓடும் ப்ரொஜெக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும் டிவி பிக்சர் ட்யூபின் இரைச்சலையும் கலந்து பென் பர்ட் செய்தார். அதே படத்தின் டை ஃபைட்டர் விமானத்தில் யானைப் பிளிறல் இருக்கிறது. இதெல்லாம் இன்றைக்கு எப்படித் தெரிகிறது? செய்தவருக்கு எதிலிருந்து செய்தோம் என்று தெரியும், அதைச் சொல்லியும் வைத்தார். சிரட்டை தட்டுகிறவருக்குக் கையில் இருப்பது சிரட்டை என்று தெரியும். கலைஞன் தெரிந்து செய்கிற பொய் கலை. தெரியாமல் கைமாறுகிற பொய் வெறும் தப்பு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரே வேலி அந்தச் சீட்டு.

சீட்டில் பேர் இல்லாவிட்டால் ஆள் எப்படிக் காணாமல் போவான் என்பதற்கு வில்ஹெல்ம் அலறலே சாட்சி. 1951இல் வந்த டிஸ்டன்ட் டிரம்ஸ் படத்துக்காகப் பதிவான ஒரு ஆணின் அலறல் அது, முதலை இழுத்துப் போகும் காட்சி. பென் பர்ட் தேடிப் பிடித்து ஸ்டார் வார்ஸில் போட்ட பிறகு நூற்றுக்கணக்கான படங்களில் அது ஒலித்துவிட்டது. வில்ஹெல்ம் என்பது கத்தியவர் பெயர் இல்லை, 1953இல் வந்த இன்னொரு படத்தின் கதாபாத்திரம். கத்தியவர் அநேகமாக நடிகரும் பாடகருமான ஷெப் வூலியாக இருக்கலாம் என்பதே, பிறகு ஸ்டூடியோவின் பழைய காகிதங்களைக் கிளறித்தான் தெரிந்தது. உலகத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட அலறல்களில் ஒன்று, அதன் சொந்தக்காரர் இன்னும் "அநேகமாக"!

மாறாக, சீட்டு ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும்? பெர்னி க்ராஸ் என்பவர் காட்டு ஒலிகளைப் பதிவு செய்கிறவர். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற இடத்தில், 1988இல் மரம் வெட்டுவதற்கு முன்னால் ஒரு பதிவு எடுத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களை வெட்டி எடுத்த பிறகு, அடுத்த வருஷம் அதே இடத்தில் இன்னொரு பதிவு. கண்ணுக்குக் காடு அப்படியேதான் இருந்தது. காதுக்கு? முதல் பதிவில் இருந்த பறவைக் குரல்களில் பெரும்பகுதி இரண்டாவதில் இல்லை. அந்த இரண்டு ஃபைலிலிருந்தும் இடத்தையும் தேதியையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது "காடு, காலை, பறவைகள்" என்று இரண்டு ஃபைல். அர்த்தத்தை வைத்துத் தேடும் இயந்திரம் எதையாவது ஒன்றை எடுத்துக் கொடுக்கும். சாட்சி செத்துப் போகும்.

இதில் தயாரித்துத் தருகிற ஒலியும் கலந்துவிட்டால் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். எந்தக் காட்டிலும் கூவாத பறவை, எந்தத் தெருவிலும் பெய்யாத மழை, நிஜப் பதிவோடு ஒரே ஃபோல்டரில் படுத்திருக்கும். நாளைக்கு ஒரு ஆவணப்படக்காரர் வந்து எடுத்துப் போவார்.

ஆகவே மென்பொருள் செய்பவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒன்று, பதிவு செய்தது, செயற்கையாகச் சேர்த்துச் செய்தது, இயந்திரம் தயாரித்தது என்று மூன்றையும் பார்த்தவுடன் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு, இயந்திரம் ஊகித்த பெயரை வேறு நிறத்தில் காட்டுங்கள். ஒரு மனுஷர் கேட்டுச் சரி என்று சொல்லும்வரை அதைக் கோப்புக்குள் எழுதாதீர்கள். மூன்று, புதுப் பதிவை உள்ளே ஏற்றும்போது இடம், தேதி, எடுத்தவர் மூன்றையும் கேளுங்கள். "தெரியாது" என்று போடட்டும், பரவாயில்லை. காலியாக விட வழி வைக்காதீர்கள்.

குறும்படம் எடுக்கிற, பாட்காஸ்ட் போடுகிற மாணவர்களும் மென்பொருள்காரர்கள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செல்போனில் ஒரு தெருச் சத்தத்தைப் பிடித்தாலும் அதன் பெயரில் ஊரையும் தேதியையும் சேர்த்து எழுத அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை எந்தப் புது வெர்ஷனும் பிறகு திருப்பித் தராது.