எல்லாமே கேயாஸ் தானா?

முதல் வருஷத்தில் அந்த வார்த்தையை ‘சாவோஸ்’ என்று சத்தமாகப் படித்து, கிளாஸே சிரித்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கும். எனக்கு இருக்கிறது. ‘கேயாஸ்’ என்று தெரிந்த பிறகு நாம் அதை விட்டோமா? ரெக்கார்டு முடிக்கலையா, கேயாஸ். பஸ்ஸில் கூட்டமா, கேயாஸ். ஹாஸ்டல் ரூமா, கேட்கவே வேண்டாம்!

போன சிம்போசியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேப்பர் பிரசன்டேஷனுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த ஒரு டீமின் பெயர் லிஸ்டில் இல்லை. டெஸ்கில் இருந்த செகண்ட் இயர் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் பிரசன்ட் பண்ணாமலேயே ஊருக்குத் திரும்பினார்கள். ரிவ்யூ மீட்டிங்கில் நாங்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: “அன்னைக்கு ஒரே கேயாஸ் சார்.” எல்லோரும் தலையாட்டினோம். மீட்டிங் முடிந்தது. திட்டு மட்டும் அந்தப் பையனுக்கு.

அந்த வார்த்தை அங்கே செய்த வேலையைக் கவனியுங்கள். ஏதோ புயல் அடித்த மாதிரி, யாருமே எதுவுமே செய்யாத மாதிரி ஆக்கிவிட்டது.

உண்மையில் கேயாஸ் என்றால் என்ன? பழைய கிரேக்கத்தில் அது வாய் பிளந்த வெறும் வெளி. உலகம் உண்டாவதற்கு முன்னால் இருந்ததாக ஹெசியாட் பாடியது. ‘கேஸ்’ என்ற வார்த்தையே அதிலிருந்து வான் ஹெல்மான்ட் உருவாக்கியதுதான். குழப்பம் என்ற அர்த்தம் பிறகு வந்தது.

நம்ம ஊரில் கேயாஸ் தியரியைப் பிரபலமாக்கியது 2008-ல் வந்த ‘தசாவதாரம்’. பட்டாம்பூச்சி கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் எட்வர்ட் லாரன்ஸ் கதை தெரியுமா? 1961-ல் அவர் கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்கு ஒன்றைத் திரும்ப ஓட்டினார். உள்ளே இருந்த எண் 0.506127. பிரின்ட்டில் இருந்தபடி 0.506 என்று கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் விடை முழுக்க வேறு பாதையில் போய்விட்டது. சமன்பாடு அதேதான். விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

நம்பிக்கை இல்லையா? உங்கள் கால்குலேட்டரை எடுங்கள். 0.3 போட்டு ஈக்வல் அழுத்துங்கள். அப்புறம் 4×ஆன்ஸ்×(1−ஆன்ஸ்) என்று போட்டு பத்து முறை ஈக்வல் அழுத்துங்கள். சுமார் 0.04 வரும். இப்போது 0.301-ல் ஆரம்பித்து அதையே செய்யுங்கள். சுமார் 0.62 வரும்! இதில் அதிர்ஷ்டமும் இல்லை, விதியும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு படிக்கும் கணக்கு இருக்கிறது.

அதனால்தான் ‘ஒழுங்கின்மைக் கோட்பாடு’ என்ற தமிழாக்கம் எனக்கு ஒப்பவில்லை. ஒழுங்கு இருக்கிறது. நீண்ட தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கணக்கில் கேயாஸ் என்றால் காரணம் இல்லை என்று அர்த்தமே கிடையாது. சின்னக் காரணத்தைக்கூட அலட்சியப்படுத்தாதே என்று அர்த்தம்.

அப்படியானால் சிம்போசியத்தில் நடந்தது? கேயாஸ் இல்லை. அதற்குத் தமிழில் அருமையான வார்த்தை இருக்கிறது: குளறுபடி. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு இரண்டு கூகுள் ஃபார்ம் ஓடியது. இரண்டாவது ஷீட்டை யாரும் லிஸ்டில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

நம் பாட்டிகள் இதில் ரொம்பத் தெளிவு. ரூம் கலைந்து கிடந்தால் அலங்கோலம். சத்தமும் ஓட்டமுமாக இருந்தால் களேபரம். மனசு தெளியாவிட்டால் குழப்பம். யாரோ சொதப்பியிருந்தால் குளறுபடி. அலங்கோலம் என்றால் அடுக்கி வைக்கலாம், களேபரம் என்றால் அடங்கும்வரை காத்திருக்கலாம். குளறுபடி என்றதும் “யார் செஞ்சது?” என்ற கேள்வி தானாக வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாம் கேயாஸ் என்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

இங்கிலீஷ் வார்த்தையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரூமைப் பார்த்து ஜாலியாகச் சொல்லுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒருத்தருக்கு நஷ்டம் வந்த இடத்தில், மீட்டிங்கில், ரிப்போர்ட்டில், அந்த வார்த்தை வாயில் வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். நடந்தது என்ன என்று சொல்லுங்கள்.

அந்த செகண்ட் இயர் தம்பியிடம் நான் ஸாரி கேட்டுவிட்டேன். “பரவால்லண்ணா, அடுத்த வருஷம் ஒரே ஃபார்ம் வைப்போம்” என்றான். எங்கள் மீட்டிங்கில் வராத தீர்வு அது.