காவல் வேறு, கண்காணிப்பு வேறு

நுழையும்முன்

அலுவலகம் வீட்டிற்குள் வந்துவிட்ட காலம் இது. உணவு மேசையே பலருக்குப் பணிமேசையாகவும் விளங்குகிறது. அதன்மீது திறந்திருக்கும் மடிக்கணினியின் வழியே முன்பின் அறியாத பல்லாயிரம் பேரின் பெயர், பிறந்தநாள், வங்கிக் கணக்கு, நோய்க்குறிப்பு ஆகியவற்றை எட்ட முடிகிறது. அவற்றைக் காக்கும் பொறுப்பு யாருடையது? காக்கும் முறை எது? இவ்விரு வினாக்களையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

இடம்பெயர்ந்த அலுவலகம்

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு, நாடு முழுமைக்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அதையொட்டிய நாள்களில் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களும் அழைப்பு மையங்களும் தம் பணியாளர்களை வீட்டிலிருந்தே பணியாற்றச் செய்தன. மடிக்கணினி இல்லாதோருக்கு அலுவலக மேசைக்கணினிகளே வண்டிகளில் அனுப்பிவைக்கப்பட்டன. அழைப்பு மையப் பணியை வீட்டிலிருந்து செய்விப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறை விதித்திருந்த பிணைத்தொகை நிபந்தனை முதலில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான புதிய விதிமுறைகளால் அறவே நீக்கப்பட்டது. நோய்த்தொற்று தணிந்த பின்னரும், வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் வழக்கம் பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது.

அலுவலகக் கட்டடம் என்பது மேசைகளும் நாற்காலிகளும் மட்டும் நிறைந்த இடமன்று. அது தரவுக்கான கோட்டையும் ஆகும். வாயிலில் அடையாள அட்டை சரிபார்க்கப்படும். இணைய வழிகள் அனைத்தையும் ஒரு தனிக்குழு கவனித்துக்கொள்ளும். ஐயம் எழுந்தால் அடுத்த இருக்கையில் இருப்பவரிடம் கேட்டுத் தெளியலாம். வீடோ வாழ்வதற்காகக் கட்டப்பட்டது. பிள்ளையின் இணைய வகுப்பும் தம்பியின் விளையாட்டும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபை இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வைஃபை கருவியின் கடவுச்சொல்லோ, அதனைப் பொருத்தியவர் அமைத்துச் சென்ற நாளிலிருந்து மாறாமலே இருக்கக்கூடும். கோட்டையிலிருந்த பொருள் இல்லத்திற்கு வந்துவிட்டது. அதன் காவல் கூடவே வரவில்லை. சிக்கலின் வேர் இதுவே.

வீட்டின் வழியே நுழைந்தோர்

2020 ஜூலை 15 அன்று, பராக் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ் உள்ளிட்ட பலரின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிப் பதிவுகள் வெளியாயின. இந்நிகழ்வை நியூயார்க் மாநில நிதிச்சேவைத் துறை விசாரித்தது. ஏமாற்றுக்காரர்கள் அரிய கணினி நுட்பம் எதையும் கையாளவில்லை என்பது அவ்விசாரணையில் தெரியவந்தது. வீட்டிலிருந்து பணியாற்றிய ஊழியர்களைத் தொலைபேசியில் அழைத்த அவர்கள், நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவினர்போல் பேசினர். அலுவலக இணைப்பான விபிஎன்னில் ஏற்பட்ட கோளாற்றைச் சரிசெய்வதாகக் கூறி, போலி இணையதளம் ஒன்றில் கடவுச்சொல்லை உள்ளிடச் செய்தனர். அந்நாள்களில் விபிஎன் கோளாறு அன்றாடத் தொல்லையாக இருந்ததால் அவ்வழைப்பு ஐயத்தை எழுப்பவில்லை. குற்றத்தின் மூளையாகச் செயல்பட்டவருக்கு அப்போது வயது 17.

லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் நேர்ந்தது இதனினும் நுட்பமானது. பிறருடைய கடவுச்சொற்களைப் பாதுகாத்துத் தருவதே அந்நிறுவனத்தின் தொழில். அதன் உயர்நிலைப் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் திரைப்படமும் இசையும் சார்ந்த மென்பொருள் ஒன்று இருந்தது. அதிலிருந்த குறையைச் சரிசெய்யும் புதுப்பிப்பு ஈராண்டுகளுக்கு முன்னரே வெளிவந்திருந்தும் அக்கணினியில் நிறுவப்படவில்லை. அக்குறையின் வழியே நுழைந்தவர்கள் விசைப்பலகையில் தட்டப்படும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் தீநிரலைப் பதித்தனர். பொறியாளரின் முதன்மைக் கடவுச்சொல் அவர்கள் கைக்குச் சென்றது. அதன்பின் வாடிக்கையாளர்களின் காப்புப் பெட்டகப் படிகளும் களவாடப்பட்டன.

பிழை ஒருவருடையது, குறை அமைப்பினுடையது

இத்தகைய நிகழ்வுகளைக் கேட்டவுடன் பணியாளரின் கவனக்குறைவைப் பழிப்பது எளிது. ஆயின், களைத்த வேளையில் மனிதர் பிழை செய்வது இயல்பு. ஆயிரம் பேர் பணியாற்றும் நிறுவனத்தில் என்றேனும் ஒருவர் ஏமாறுவார் என்பது முன்கூட்டியே அறியத்தக்கது. ஒருவர் ஏமாந்தவுடன் மொத்தமும் சரியும் வகையில் காவலை அமைத்தவர் யார் என்பதே கேட்கவேண்டிய வினா.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021 மே மாதத்தில் முடங்கியது. தாக்கியவர்கள் நுழைந்த வழி, தொலைவிலிருந்து பணியாற்றுவதற்கான பழைய விபிஎன் கணக்கு ஒன்றாகும். பயன்பாட்டில் இல்லாத அக்கணக்கு மூடப்படாமல் இருந்தது. கடவுச்சொல்லைத் தவிர இரண்டாம் சரிபார்ப்பு எதுவும் அதற்கு இல்லை. பல நாள் எரிபொருள் ஓட்டம் நின்றது. நிறுவனம் ஏறத்தாழ 44 இலட்சம் டாலர் பிணைப்பணம் செலுத்தியது. திறந்துகிடந்த பழைய வாயிலைப் பூட்டுவது எந்தத் தனிப் பணியாளரின் கடமையும் அன்று, நிறுவனத்தின் கடமை.

எனவே, நிறுவனம் செய்யவேண்டியவை தெளிவானவை. பணிக்கென்று தனிக் கணினியை அது வழங்கவேண்டும். அதன் மென்பொருள்களைத் தானே புதுப்பிக்கவேண்டும். கணினி திருடுபோனாலும் உள்ளிருப்பதைப் பிறர் படிக்க இயலாதவாறு வன்தட்டைக் குறியாக்கம் செய்திருக்கவேண்டும். கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பும் கட்டாயமாகவேண்டும். கைப்பேசிக்கு வரும் எண்ணைக்கூடப் போலித்தளத்தில் பெற்றுவிடலாம் என்பதால், முக்கியப் பொறுப்புகளில் இருப்போருக்குக் கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி வழங்குவது நன்று. அச்சாவி, உண்மையான தளத்தின் முகவரியை அறிந்த பின்னரே இசைவு தரும். அனைத்திற்கும் மேலாக, ஒருவரது பணிக்கு எவ்வளவு தரவு தேவையோ அவ்வளவே அவருக்குத் திறக்கப்படவேண்டும். அப்போது ஒரு பிழையால் ஓர் அறை திறக்கலாம். மாளிகை முழுவதும் திறவாது.

கண்காணிப்பு காவலாகுமா?

இவற்றிற்குப் பொருளும் உழைப்பும் வேண்டும். அதனினும் மலிவான வழியாகச் சில நிறுவனங்கள் கண்காணிப்பு மென்பொருளை நாடுகின்றன. பணியாளரின் விசைத்தட்டல்களை அது எண்ணுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கிறது. சில வேளைகளில் கேமராவையும் இயக்கி வைக்கச் சொல்கிறது. பாதுகாப்புக்காகவே இவை என்று விளக்கமும் தரப்படுகிறது. அவ்விளக்கம் ஆராயத்தக்கது.

திரையைப் படமெடுக்கும் மென்பொருள், அத்திரையிலுள்ள வாடிக்கையாளரின் கணக்கு எண்ணையும் சேர்த்தே படமெடுக்கிறது. காக்கவேண்டிய தரவு இவ்வாறு இரட்டிப்பாகிறது. களவுபோகக்கூடிய இடம் ஒன்று கூடுகிறது. பணியாளரைப் பற்றிச் சேர்த்த குறிப்புகளே வெளியானதற்கும் சான்று உண்டு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்த எச் அண்டு எம் நிறுவனத்தின் சேவை மையத்தில், ஊழியர்களின் நோய், குடும்பச் சிக்கல், சமய நம்பிக்கை ஆகியவற்றை மேலாளர்கள் பல்லாண்டுகளாகக் குறித்துவைத்தனர். 2019 அக்டோபரில் ஏற்பட்ட அமைப்புப் பிழையால் அக்குறிப்புகள் சில மணிநேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்துகிடந்தன. அதனாலேயே செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 3.53 கோடி யூரோ தண்டம் விதித்தது. அலுவலகத்தில் நடந்தது இது. வீட்டிற்குள் பார்க்கும் கருவிகள் சேர்க்கும் குறிப்புகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

கண்காணிப்பு விளைக்கும் மற்றொரு தீங்கு அச்சம். ஐயத்திற்குரிய இணைப்பை அறியாமல் சொடுக்கிவிட்ட பணியாளர், உடனே அதைத் தெரிவித்தால் அவர் கணக்கை முடக்கி இழப்பைத் தவிர்க்கலாம். ஒவ்வோர் அசைவும் தமக்கெதிராக எண்ணப்படுகிறது என்று உணர்பவரோ அதனை மறைக்கவே முற்படுவார். அவர் மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் திருடருக்குக் கிடைக்கும் காலமாகும்.

பணியாளர்களுள்ளும் தரவை விற்போர் இருக்கலாமே என்று நிறுவனங்கள் கேட்பது நியாயமே. அதற்கும் வழி உண்டு. எந்தக் கோப்பை யார், எப்போது திறந்தார், எங்கே அனுப்பினார் என்பதைத் தரவு இருக்கும் இடத்திலேயே பதிவுசெய்யலாம். பெட்டகத்தைத் திறந்தவரின் பெயரைக் குறித்துவைப்பது காவல். வீட்டில் அவர் எவ்வளவு நேரம் நாற்காலியை விட்டு எழுந்தார் என்று பார்ப்பது கண்காணிப்பு. முன்னதால் தரவு பாதுகாப்புப் பெறுகிறது. பின்னதால் மனிதர் மதிப்பிழக்கிறார்.

சட்டத்தின் பார்வை

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. மின்னணு வடிவிலான தனிநபர் தரவைக் காப்பதற்கான சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. தரவைக் கையாளும் நிறுவனத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர் என்னும் பொருளில் அச்சட்டம் குறிக்கிறது. அதாவது, தரவு அதன் சொத்தன்று; அதனிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப்பொருள். தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. தன் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு அந்நிறுவனத்தையே சாரும். வீட்டிலிருந்து பணியாற்றுவதால் இப்பொறுப்பு பணியாளரின் தோளுக்கு மாறிவிடுவதில்லை.

பணியாளரின் கடமை

அதனால் பணியாளருக்குக் கடமையே இல்லை என்று கருதுதல் பிழை. பணிக்கணினியை வீட்டார் பயன்பாட்டிற்குத் தராதிருத்தல், வைஃபை கருவியின் பழைய கடவுச்சொல்லை மாற்றுதல், அலுவலகக் கோப்புகளைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுப்பாதிருத்தல் ஆகியவை எளியவை. உதவிப் பிரிவிலிருந்து அழைப்பதாக ஒருவர் கூறினால், இணைப்பைத் துண்டித்துவிட்டு நிறுவனம் அறிவித்துள்ள எண்ணுக்குத் தாமே அழைத்து உறுதிசெய்வது அறிவுடைமை. தவறு நேர்ந்தால் மறைக்காமல் உடனே உரைப்பது இவை அனைத்தினும் தலையாயது. அவ்வாறு உரைப்பவரைத் தண்டியாதிருப்பது நிறுவனத்தின் பண்பாடாகவேண்டும்.

இன்று வகுப்பறையில் இருப்போருள் பலர், சில ஆண்டுகளில் தம் வீட்டு மேசையிலிருந்தே உலகின் ஏதோ ஒரு மூலையிலுள்ள மருத்துவமனையின், வங்கியின் தரவைக் கையாளக்கூடும். அத்தரவுக்கு உரியவர் அவர்களை ஒருநாளும் காணப்போவதில்லை. இருப்பினும் நம்பித் தந்திருக்கிறார். அந்நம்பிக்கையைக் காப்பது பணியாளரும் நிறுவனமும் சேர்ந்து ஆற்றும் கடமை. தம் பணியாளரையே நம்பாத நிறுவனம் பிறர் தன்மீது வைத்த நம்பிக்கையைக் காப்பது அரிது.