வாச்சாத்தி கற்பிக்கும் பாடம்



'சட்டத்தின் முன் அனைவரும் சமம்' என்று குடிமையியல் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்த ஒரு வரியை மெய்ப்பிக்க நம் தமிழகத்து மலைவாழ் பெண்கள் எத்தனை ஆண்டுகள் போராடினார்கள், அறிவீர்களா?

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்துச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், ஊராரை அடித்தனர், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினர். அவர்களுள் நம் வயதுச் சிறுமியும் ஒருத்தி. வேலியே பயிரை மேய்ந்தது!

'வெளியே சொன்னால் மானம் போகும்' என்று அப்பெண்கள் வாய்மூடி இருந்திருந்தால் கொடுமை மறைந்தே போயிருக்கும். அவர்களோ நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் நம் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. இடையே கழிந்தவை 31 ஆண்டுகள்!

அதிகாரி சொன்னால் உடனே நம்பும் சமுதாயம், ஏழை மலைமகள் சொன்னால் மட்டும் ஐயுறுவது ஏன்? மானம் இழந்தவர்கள் அப்பெண்கள் அல்லர்; கொடுமை புரிந்தவர்களே! மயிலையிலும் அடையாற்றிலும் அச்சமின்றிப் பள்ளி வரும் நாம், நாளை வழக்கறிஞராக, ஆசிரியையாக, அதிகாரியாக அமரும்போது, எளியவளின் சொல்லுக்கு முதலில் செவிசாய்ப்போமாக!