நாற்கூற்றில் நான்காமவர்

நம் ஊர்களில் உள்ள மருந்துக் கடைகளின் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று தொங்குவதைக் காணலாம். அதில் ஒருவருடைய பெயரும் பதிவெண்ணும் நிழற்படமும் இருக்கும். அந்நிழற்படத்துக்கு உரியவரைக் கடைக்குள் தேடினால் பல இடங்களில் அவர் இரார். வேறோர் ஊரில் வேறொரு பணியில் இருப்பார். திங்கள்தோறும் ஒரு சிறு தொகை மட்டும் அவரைச் சென்று சேரும். சான்றிதழ் இங்கே, அதற்குரிய அறிவோ எங்கோ. மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்து, மாத்திரைகளைக் கத்தரித்து உறையிலிட்டுத் தருபவர் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட ஓர் இளைஞர். அவ்விளைஞரின் சுறுசுறுப்பையோ நேர்மையையோ நாம் குறை கூறவில்லை. குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் அவர். ஆயினும், தாம் கையில் எடுத்துக் கொடுக்கும் பொருள் இன்னதென்று அறியாதவரிடம் நம் உயிரை ஒப்படைத்துவிட்டு நாம் எவ்வளவு அமைதியாக வீடு திரும்புகிறோம் என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

தமிழ்த் துறையின் மலரில் மருந்துக் கடைக்கு என்ன வேலை என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அவர் வைத்தவர் உழைச்செல்வான். இக்காலத்து உரைகள் சில அச்சொல்லுக்குச் செவிலியர் என்று பொருள் காண்கின்றன. பரிமேலழகரோ, மருந்தைப் பிழை நேராமல் ஆக்கித் தருபவர் என்றே கொண்டார். அவர் கண்ட பொருளே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மருத்துவர் எத்துணை வல்லவராயினும், அவர் எழுதியது நோயாளியின் வாய்க்குள் செல்லும் முன் ஒரு கை அதனைத் தொடுகிறது. அந்தக் கை பிழை செய்தால் மற்ற மூன்று கூறுகளும் வீண்.

மருந்தாளுநர் தொழிலைத் தனித் தொழிலாக வளர்த்ததில் அரபு நாகரிகத்துக்குப் பெரும் பங்குண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் மருத்துவரினின்றும் வேறான மருந்துக் கடையினர் தோன்றிவிட்டனர். மருந்துக் கலவைகளுக்கான நூல்கள் அக்காலத்திலேயே எழுதப்பட்டன. அங்காடிகளின் நிறையையும் அளவையையும் ஆராய்ந்த முஹ்தசிப் என்னும் அதிகாரிக்கு, மருந்துச் சரக்கில் கலப்படம் உண்டா எனப் பார்க்கும் பொறுப்பும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாலகா நகரத்து இப்னு அல்-பைத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களை அகரவரிசையில் தொகுத்தார். அதே நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த கோஹென் அல்-அத்தார் என்னும் யூத மருந்தாளுநர், கடை நடத்தும் முறையைத் தம் மகனுக்குச் சொல்வதுபோல் அரபியில் ஒரு கையேடே எழுதி வைத்தார். பழம்பெருமை பேச இதனைக் கூறவில்லை. கடைக்காரரைக் கண்காணிக்க ஓர் அதிகாரியும், கடைக்காரருக்கென ஓர் அறநெறியும் வேண்டும் என்பது புதிய கருத்தன்று எனக் காட்டவே கூறினோம்.

இந்தியாவில் இக்கருத்து சட்டமாக வருவதற்கு நீண்ட காலம் பிடித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் தரமற்ற மருந்துகள் நாடெங்கும் விற்கப்பட்டபோது, 1930இல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அக்குழு தன் அறிக்கையை அளித்தது. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1940இல் வந்தது. மருந்தை வழங்கும் மனிதரை ஒழுங்குபடுத்தும் பார்மசி சட்டமோ 1948இல்தான் வந்தது. பொருளுக்குச் சட்டம் முன்னே, ஆளுக்குச் சட்டம் பின்னே! இடையில் 1932இல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் என்பவர் மருந்தாக்கவியல் கல்விக்கு வித்திட்டார். இன்று நாடெங்கும் கிளைத்திருக்கும் அக்கல்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தெளிவானது. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலப்பதும் வழங்குவதும் பதிவு பெற்ற மருந்தாளுநர்க்கே உரியன. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதியும், சீட்டுக்குரிய மருந்தை மருந்தாளுநரே வழங்கவேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் வழங்கவேண்டும் என்கிறது. நேரடி மேற்பார்வை என்ற சொற்களை ஊன்றிப் பார்க்க வேண்டும். சுவரில் தொங்கும் நிழற்படம் மேற்பார்வை செய்யாது.

சட்டம் வந்த காலத்தில் படித்த மருந்தாளுநர் மிகச் சிலரே. ஆகவே, மருத்துவமனைகளில் ஐந்தாண்டு மருந்து கலந்து பழகியவர்களையும் முதற்பதிவேட்டில் சேர்த்துக்கொண்டனர். நம் பாட்டன்மார் ‘கம்பவுண்டர்’ என்று மரியாதையோடு அழைத்தவர்கள் அவர்களே. குப்பியின் பக்கவாட்டில் வேளைக்கு இவ்வளவு என்று வெட்டுத் தாள் ஒட்டி, கலக்கிவிட்டுக் குடிக்குமாறு சொல்லி அனுப்பிய அந்த மனிதரிடம் பட்டம் இல்லாதிருக்கலாம். சொல்லிக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. இப்போது மருந்தெல்லாம் ஆலையிலேயே மாத்திரையாகி வந்துவிடுவதால், கடையில் கலக்க ஒன்றுமில்லை, எடுத்துக் கொடுக்க யாரிருந்தால் என்ன என்ற எண்ணம் பரவிவிட்டது. இதுவே இன்றைய குழப்பங்களுக்கெல்லாம் மூலம்.

உண்மை இதற்கு நேர்மாறானது. மருந்து வலிமை பெறப் பெற, அதனை வழங்குபவருக்கு அறிவு மிகுதியாக வேண்டும். மூட்டு வாதத்துக்கு மருத்துவர் எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய மாத்திரை. அதனை நாள்தோறும் உண்டு எலும்பு மச்சை அழிந்து உயிரிழந்தோர் உலகின் பல நாடுகளில் உண்டு. ‘வாரம் ஒருமுறை, எந்தக் கிழமை என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவ்வுயிர்கள் தப்பியிருக்கும். தைராய்டு மாத்திரையைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் முன்னது உடலில் சேர்வது குறையும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர், தலைவலிக்கென்று ஆஸ்பிரின் வாங்கினால் குருதிப் பெருக்கு நேரலாம். நம்மிடையே ரமலான் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளர் பலர். கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டுப் பகல் முழுதும் உண்ணாதிருந்தால் சர்க்கரை அளவு மயக்கம் வரும்வரை தாழக்கூடும். ஷஅபான் மாதத்திலேயே, ‘நோன்பு வைப்பீர்களா? மருத்துவரிடம் வேளை மாற்றிக் கேட்டு வந்தீர்களா?’ என்று வினவும் மருந்தாளுநர் ஒருவர் ஊரில் இருந்தால் எத்தனை குடும்பங்களின் நள்ளிரவு ஓட்டம் மிச்சமாகும்! அவர் வேளையை மாற்றிக் கொடுக்க வேண்டியதில்லை. அது மருத்துவர் வேலை. வினவித் திருப்பி அனுப்பினாலே போதும். 2015இல் இந்திய பார்மசி கவுன்சில் வெளியிட்ட தொழில்நெறி ஒழுங்குமுறைகள் நோயாளிக்கு அறிவுரை கூறுவதை மருந்தாளுநரின் கடமையாகவே ஆக்கியுள்ளன. எத்தனை கடைகளில் அக்கடமை நிறைவேறுகிறது என்பதை வாசகரே அறிவர்.

கடையில் மட்டுமன்று, ஆலையிலும் இந்த நான்காம் கூறு தளர்ந்தால் விளைவது பெருங்கேடு. டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பான் மருந்தில் புகுந்து 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாடு அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கியது. 1986இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் அதே நஞ்சால் பதினான்கு பேர் இறந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்துக் குறைகளை அடுக்கிக் காட்டியது. இவ்வளவுக்கும் பின்னர், 2025இல், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மடிந்தனர். நூற்றில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக்கூடாத அந்நஞ்சு 48.6 பங்கு இருந்ததாகத் தமிழக அரசின் ஆய்வுக்கூடமே கண்டறிந்தது. சிந்த்வாரா மாவட்டத்துத் தாய்மார்கள் தம் கையாலேயே ஊட்டிய மருந்து அது. மூலப்பொருள் வந்திறங்கிய அன்று ஒரு சோதனை, மருந்து வெளியேறும் முன் ஒரு சோதனை. இவற்றைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யாதவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. செய்தாரா என்று சென்று பார்க்க வேண்டிய ஆய்வாளர்கள் போதிய அளவில் இருக்கிறார்களா என்பது அடுத்த வினா. ஐம்பது ஆலைக்கு ஓர் ஆய்வாளர், இருநூறு கடைக்கு ஓர் ஆய்வாளர் வேண்டுமென 2003இலேயே மஷேல்கர் குழு பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டுவதற்குக் குழந்தைகளின் உயிர் விலையாக வேண்டுமா?

ஆன்டிபயாடிக் மருந்துகளின் கதை வேறு வகையானது. இங்கே சாவு உடனே கண்ணில் தெரிவதில்லை. சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டில்லாமல் இரண்டு நாளுக்கு வாங்கி உண்டு பாதியில் நிறுத்தும் வழக்கத்தால், கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுகின்றன. இதனைத் தடுக்கவே 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது எச்-1 அட்டவணை. நாற்பத்தாறு மருந்துகளோடு தொடங்கிய அதில் உயர்வகை ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் அடங்கும். விற்ற கடை, எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் இல்லாத மருந்தாளுநர் எழுதும் பதிவேடு எப்படியிருக்கும்? அண்டை மாநிலமான கேரளம் 2024 முதல் சீட்டில்லா ஆன்டிபயாடிக் விற்பனைமீது கடுமையான நடவடிக்கை எடுத்துவருகிறது. அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

நாம் பார்மசி சட்டம் இயற்றிய அதே 1948இல்தான் பிரிட்டன் தன் தேசிய நலவாழ்வுப் பணியைத் தொடங்கியது. மருந்தகம் அங்கே அப்பணியின் ஓர் உறுப்பு. தகுந்த பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தாமே மருந்து எழுதும் உரிமையை 2006 முதல் பெற்றுள்ளனர். 2024 சனவரி இறுதியிலிருந்து இங்கிலாந்தில் தொண்டைப்புண், காதுவலி உள்ளிட்ட ஏழு சிறு நோய்களுக்கு மருத்துவரிடம் செல்லாமலேயே மருந்தகத்தில் சிகிச்சை பெறலாம். செருமனியிலோ மருந்தாளுநர் அல்லாதார் மருந்தகம் வைத்திருக்கவே இயலாது. அவரும் ஒரு தலைமைக் கடைக்கு மேல் மூன்று கிளைகளுக்கே உரிமையாளராகலாம். அவ்வளவையும் நாம் நாளையே செய்யவேண்டும் என்று கூறமாட்டோம். அங்கே மருந்தாளுநரை நம்பிப் பொறுப்பைக் கூட்டுகிறார்கள். இங்கே அவர் இருக்கிறாரா என்பதே ஐயம். முதலில் அவர் கடையில் நிற்கட்டும்.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிற்றூரில் நாளொன்றுக்குச் சில நூறு ரூபாய் வருவாய் காணும் கடை, பட்டதாரி ஒருவருக்கு எவ்வாறு முழு ஊதியம் கொடுக்கும்? விதியை இறுக்கினால் அந்தக் கடை மூடப்படும். மறுநாள் அவ்வூர் மூதாட்டி இரத்த அழுத்த மாத்திரைக்குப் பேருந்து ஏற வேண்டும். இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். ஆனால் இதற்கு விடை விதியைத் தளர்த்துவதன்று. 1994இல் தமிழக அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியது. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தாளுநர் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள் அரசு மானியத்தோடு அவற்றை நடத்த வழிசெய்யப்பட்டது. இம்முறையைக் கடையற்ற சிற்றூர்களை நோக்கித் திருப்பினால், மூதாட்டிக்கு மாத்திரையும் கிடைக்கும், படித்த இளைஞருக்குத் தம் சான்றிதழை வாடகைக்கு விடும் இழிவும் நீங்கும்.

இணையவழி விற்பனையைப் பற்றி ஒரு சொல். 2018இல் அதற்கு வரைவு விதிகள் வெளியாயின. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், விதி வரும்வரை அத்தகு விற்பனை கூடாதென்றது. சில வாரங்களில் அத்தடை மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. வாயிலில் பொட்டலம் கொடுத்துச் செல்பவரிடம் எந்தக் கிழமை உண்பது என்று யார் கேட்பது?

மருந்தாளுநர்கள்மீதும் நமக்கு வருத்தமுண்டு. சான்றிதழை வாடகைக்கு விடுபவரும் அவர்களுள் ஒருவரே. கல்லூரிகளோ புற்றீசல்போல் பெருகின. புதிய கல்லூரிகளுக்கு 2019இல் பார்மசி கவுன்சில் விதித்த தடையை, ஒழுங்குமுறை இயற்றாமல் வெறுந்தீர்மானத்தால் செய்தது செல்லாது என்று 2022இல் உச்சநீதிமன்றம் முடிவுசெய்தது. அதே ஆண்டில், பட்டயப் படிப்பு முடித்தவர் பதிவு பெறுமுன் ஒரு வெளியேற்றத் தேர்வு எழுத வேண்டுமென ஒழுங்குமுறை வந்தது. இத்தேர்வை நாம் வரவேற்கிறோம். மாணவர்கள் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை.

இனிச் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் இலவச மருத்துவ முகாம்கள் நடத்துகின்றன. மருத்துவரை அழைத்து வருவதில் காட்டும் அக்கறையை, மருந்து கொடுக்கும் மேசையில் நாம் காட்டுவதில்லை. அங்கே நிற்பவர்கள் தொண்டுள்ளம் படைத்த கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் தரும் மாத்திரைகளில் விற்பனைப் பிரதிநிதிகள் விட்டுச்சென்ற மாதிரிகளும், காலாவதி நாள் நெருங்கியவையும் கலந்திருக்கலாம். அடுத்த முகாமில் அம்மேசைக்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவரை, உரிய ஊதியம் கொடுத்து, அமர்த்துங்கள். கொடுக்கும் ஒவ்வோர் உறையின்மேலும் மருந்தின் பெயரும் வேளையும் தமிழில் எழுதப்படட்டும். அந்த எழுத்து வேலைக்கு எங்கள் துறை மாணவர்களை அனுப்பி வைக்கிறோம்.