நீலம் சாத்தி

பழைய வேகக் கார் ஒன்றை வாங்கிய மறுவாரமே அதன் நிறத்தை மாற்ற நினைக்கிறவனைப் பற்றி, அவ்வகைக் கார்களின் பக்தர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆலையில் பூசிய முதல் பூச்சு அவர்களுக்கு வேதம். அது கீறலுற்றிருக்கலாம், மங்கியிருக்கலாம். ஆனால் அதைத் தொடலாகாது. தொட்டால் வண்டியின் மதிப்பும் போயிற்று, மானமும் போயிற்று என்பார்கள். எங்களில் ஒருவரே அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதால், இந்த விவாதம் சில மாதங்களாக எங்களிடையே ஓயாமல் நடக்கிறது. அவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 'நாங்கள்' என்று எழுத அனுமதித்திருக்கிறார்.

காரியம் ஆலந்தலையில் தொடங்கியது. திருச்செந்தூரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சற்றுத் தூரம் போனால் வரும் பரதவர் ஊர் அது. எங்கள் நண்பர் அவ்வூர்க்காரர், சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். சென்ற விடுப்பில் வந்தபோது, நெடுநாள் ஆசையாக, 2014ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஒன்றை வெளியூரில் ஒருவரிடமிருந்து வாங்கினார். 1197 சிசி எஞ்சின், டர்போ, 105 குதிரைத்திறன், இரட்டைக் கிளட்ச்சுடன் ஏழு கியர். 2013இல் இந்த வண்டி இந்தியச் சந்தைக்கு வந்தபோது இவ்வளவு சின்ன எஞ்சினுக்கு இவ்வளவு விலையா என்று சிரித்தவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்தபின் சிரிப்பு அடங்கியவர்களும் உண்டு. 2022இல் இந்தியாவில் போலோவே நின்றுபோன பிறகு, வேண்டும் என்பவர்களுக்குப் பழையதுதான் கதி. வண்டி நல்ல சிவப்பு. நண்பரோ அதை நீலமாக்கப் போவதாகச் சொன்னார்.

அதுவும் கடையில் அட்டையைப் புரட்டித் தேர்ந்தெடுத்த நீலமல்ல. அவருடைய தகப்பனாரின் வள்ளத்துக்கு ஒரு நீலம் இருந்தது. வெயிலில் வெளுத்து, ஆண்டுதோறும் மறுபடி பூசப்பட்டு, எந்த டப்பாவின் பெயருக்கும் அடங்காமல் போன நீலம். தகப்பனார் காலமான பிறகு வள்ளத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் அதற்கு வேறு வண்ணம் பூசி, வேறு புனிதரின் பெயரை எழுதிக்கொண்டார். அதில் தவறொன்றுமில்லை, வாங்கிய வள்ளத்துக்கு அப்படித்தான் செய்வார்கள். சில மாதம் கழித்துக் கரையில் நின்ற நண்பரின் தாயார், தூரத்தில் வந்த அந்த வள்ளத்தைப் பார்த்து, "ஏய்யா, அது நம்ம வள்ளந்தானா?" என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒருவர் ஆமென்று சொல்லியிருக்கிறார். தாயார் அதற்குமேல் எதுவும் பேசவில்லையாம்.

கடலிலிருந்து திரும்புகிற வள்ளம், கரையில் காத்திருப்பவர்களுக்கு முதலில் நிறமாகத்தான் வரும். பெயர் பிறகுதான் வரும். கட்டுமர காலத்தில் மரத்தின் நிறமே நிறம்; பாயின் வெட்டையும் சாய்வையும் வைத்து இன்னாருடையது என்று அறிந்துகொண்டார்கள். கண்ணாடி இழை வள்ளங்கள் வந்த பிறகு பாய் போயிற்று, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாயின, நிறமே அடையாளமாயிற்று. இழை வள்ளத்தில் நிறம் வார்ப்பிலேயே மேல்பூச்சாகச் சேர்ந்து வரும். ஆனாலும் அதன்மேல் தங்கள் வண்ணத்தைப் பூசிக்கொள்ளாத குடும்பம் அபூர்வம். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதற்குப் பின் கடலோர மாநிலங்கள் தத்தம் படகுகளுக்குத் தனித்தனி வண்ணம் வகுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. காவற்படையின் கண்ணுக்கு அது வசதி. தாயாரின் கண்ணுக்கு என்ன வசதி என்று யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் கேட்கவும் முடியாதுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் எங்கள் எதிர்க்கட்சி நண்பர் இளகவில்லை. அவருடைய வாதம் எளிது: தகப்பனாரின் வள்ளம் தகப்பனாரின் வள்ளம், போலோ போலோ, சிவப்பு அதன் பிறவி நிறம், வேகத்தின் நிறமும் அதுதான்.

வேகத்துக்கு நிறமுண்டு என்பதே ஒரு பழைய ஏற்பாட்டின் மிச்சம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சர்வதேசப் பந்தயங்களில் நிறம் தேசத்தைக் குறித்தது. பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு வெள்ளை. 1903இல் கார்டன் பென்னெட் கோப்பைப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது பிரிட்டனின் வண்டிகள் பச்சையில் ஓடின. பிற்பாடு அதுவே அந்நாட்டுப் பந்தயப் பச்சையானது. 1934இல் 750 கிலோ எடை வரம்பைத் தாண்டாதிருக்க ஜெர்மானியர்கள் வெள்ளைப் பூச்சைச் சுரண்டியெடுத்து வெறும் உலோகத்தோடு ஓட்டினார்கள், வெள்ளி அம்பு என்ற பெயர் அப்படித்தான் வந்தது என்றொரு கதை உண்டு. ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை. நாங்கள் நம்ப விரும்புகிறோம். பிற்பாடு விளம்பரதாரர்கள் வந்தார்கள், தேசங்களின் நிறம் போயிற்று. 2005இல் நம் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கியபோது அவர் ஓட்டிய ஜோர்டான் வண்டி மஞ்சள். அந்த மஞ்சளுக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதனால் அவருடைய வேகம் குறைந்துவிடவுமில்லை.

பிறவி நிறம் என்ற சொல்லைத் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்வதும் வேடிக்கை. ஆவணியிலும் மாசியிலும் அங்கே திருவிழா. ஏழாம் நாள் சண்முகர் சிவப்பு சாத்திப் புறப்படுவார். எட்டாம் நாள் காலை வெள்ளை சாத்தி, பிறகு பச்சை சாத்தி. வஸ்திரம், மலர், மாலை எல்லாம் அந்த நிறத்தில். சிவன், பிரம்மன், திருமால் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இதில் எது அசல் சண்முகர் என்று எந்தப் பக்தரும் கேட்டு நாங்கள் கண்டதில்லை. நண்பர் கத்தோலிக்கர், என்றாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்தவருக்கு அந்த வழக்கு நாவில் வரும். "சிவப்பு சாத்தி பார்த்தாச்சு, இனி நீலம் சாத்தி" என்றார் சிரித்துக்கொண்டே. எதிர்க்கட்சிக்காரரும் சிரித்தார். வாதம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

இடையில் எங்களில் இன்னொருவர், நீலமும் வேண்டாம் சிவப்பும் வேண்டாம், முத்து வெள்ளை பூசலாமே என்றார். முத்துக்குளித்துறைக்காரனுக்கு அதைவிடப் பொருத்தம் ஏது என்பது அவர் கேள்வி. பொருத்தம் அவர் நினைத்ததைவிட ஆழமானது என்று தேடிப் பார்த்தபோது தெரிந்தது. முத்தின் பளபளப்பு சாயமல்ல. மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் ஜாலம். அதைப் போலியாகச் செய்யப் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் மணிமாலை செய்பவர் ஒருவர் கண்ட வழி, மீன் செதிலின் வெள்ளிப் பொடியைக் கண்ணாடி மணிக்குள் பூசுவது. இன்றைய கார்ப் பூச்சில் செதிலின் இடத்தை அப்பிரகத் துகள்கள் பிடித்திருக்கின்றன. அவற்றின்மேல் டைட்டானியம் ஆக்ஸைடு மெல்லிய போர்வையாகக் கிடக்கும். தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. அந்தப் பெயர் இப்போது கார்க் கம்பெனிகளின் வண்ண அட்டையில், கூடுதல் விலையோடு, உயிர்வாழ்கிறது.

இதைக் கேட்ட நண்பர், முத்து வியாபாரிகளின் பழைய வழக்கம் ஒன்றை நினைவுபடுத்தினார். மேல்தோல் மங்கிய முத்தைக் கைதேர்ந்தவர்கள் மெல்ல உரிப்பார்களாம். உள்ளே நல்ல தோல் இருந்தால் விலை ஏறும், இல்லாவிட்டால் இருந்த விலையும் போகும். "உரிச்சுப் பாத்தாத்தான தெரியும்" என்றார். எங்களுக்கு அப்போது அது வேடிக்கைப் பேச்சாகத்தான் பட்டது.

தூத்துக்குடிப் பட்டறை ஒன்றுக்கு வண்டி போயிற்று. நிறம் மாற்றுவது என்றால் மேலே பூசிவிட்டு வருவது என்று நினைப்பவர்கள் பலர். கதவைத் திறந்தால் ஓரத்தில் பழைய நிறம், பானெட்டைத் தூக்கினால் பழைய நிறம், டிக்கியில் பழைய நிறம். அது மாற்றமல்ல, வேஷம். ஒழுங்காகச் செய்வதானால் கண்ணாடிகள், விளக்குகள், கைப்பிடிகள், ரப்பர்கள் எல்லாம் கழற்றப்பட வேண்டும். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஆலைப் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். தேய்க்கிற கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

வலப்புறம் பின்சக்கரத்துக்கு மேலே தேய்த்தபோது அது முடியவேயில்லை. சிவப்புக்குக் கீழே இன்னொரு சிவப்பு, அதற்குக் கீழே விரல் தடிமனுக்குப் பட்டி, அதற்கும் கீழே சுத்தியலால் தட்டி நிமிர்த்திய தகடு, தகட்டில் துரு. விற்றவர் விபத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்கள் வாங்கும்போது ஒவ்வொரு பக்கமும் குனிந்து பார்த்தவர்கள். எதிர்க்கட்சிக்காரர் அந்தப் பின்பக்கத்தைத் தடவி, "அசல் பூச்சு, எப்படி இருக்கு பாருங்கள்" என்று மெச்சியதற்கு நாங்கள் எல்லோரும் சாட்சி.

கடலோரத்தில் இது வெறும் ஏமாற்று விவகாரமல்ல. உப்புக் காற்றில் வாழும் தகட்டில் ஒரு சின்ன விரிசல் போதும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்துபோகும், வெளியே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே தகடு தாளாகியிருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகவென்றே வாங்கிய வண்டியின் பின்சக்கர வளைவு அந்த நிலையில் இருந்தது. நிறத்தை மாற்றப் போகாதிருந்தால், அசலென்று வணங்கியபடி, இரண்டு பருவமழைகளை அப்படியே கடத்தியிருப்போம்.

எங்கள் தரப்பு நியாயம் இதுதான். நிறத்தை மாற்றுவது துரோகமல்ல. மூடி மறைக்க மாற்றுவது துரோகம். அந்தச் சிவப்பைப் பூசியவர் நிறத்தை மாற்றவேயில்லை, அதே நிறத்தைத்தான் பூசினார். பொய் அங்கேதான் இருந்தது. அசலைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் பக்தி, அசலைப் போலத் தோன்றுவதைக் காப்பாற்றுவதோடு திருப்தியடைந்துவிடுகிறது. விலை மதிப்பு குறையும் என்பது மெய்யே, குறையட்டும். விற்பதற்காக வாங்குகிறவன் நண்பரின் ஊரில் வள்ளம்கூட வாங்குவதில்லை.

நிறம் மாறினால் தாளிலும் மாற வேண்டும். வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் ஏறும் விவரங்களில் ஒன்று. பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்காரருக்கும் சொல்லாமல் பூசிக்கொண்டு திரிவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. இந்தத் தேடலில் கண்ட ஒரு சுவையான விஷயம்: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி, ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு எவரும் தம் வண்டிக்குப் பூசக் கூடாது என்கிறது. மற்ற நிறங்களையெல்லாம் நமக்கு விட்டுவைத்த அரசு, ஒன்றை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டது.

இவ்வளவு பேசிய நாங்கள், பேசாமலே விட்ட ஒருவர் உண்டு: பெயிண்டர். பட்டறையில் அவர் வேறொரு வண்டிக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். வாயில் கட்டியது ஒரு துண்டு, அவ்வளவுதான். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் இக்காலப் பூச்சுகளின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பெயிண்டர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்குப் பேர்பெற்ற காரணம் அது. ஒரு முறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் அதற்குத் தகுந்த காப்பு. துண்டு எதையும் தடுக்காது. எங்கள் வாதப் பிரதிவாதங்களில் தகப்பனார் வந்தார், சண்முகர் வந்தார், பாரிஸ் மணிக்காரர் வந்தார். இந்தத் துண்டு வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர் இதை முதலில் கவனித்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "பூசாமலே இருந்தால் அவருக்கு ஒரு வண்டி குறையும்" என்றார். பூச்சு வேலையே அவர் பிழைப்பு என்பதால் அந்த வாதம் எங்களைக் கட்டவில்லை. ஆனால் சும்மா விடவுமில்லை. முகமூடி ஒன்றை வாங்கித் தருவது என்றும், அதை மாட்டிக்கொண்டுதான் எங்கள் வண்டிக்கு அடிக்க வேண்டும் என்றும் பேசி முடித்திருக்கிறோம். பெயிண்டர் அதற்குச் சம்மதித்த முகத்தில் எங்களைப் பற்றிய கேலி இருந்தது.

நீலத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. வள்ளத்தின் படம் எதுவும் நம்பும்படி இல்லை. கைப்பேசியில் எடுத்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீலம். தாயாரிடம் வண்ண அட்டையைக் காட்டினோம். நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் விரலை வைத்தார். பெயிண்டர் அந்த இரண்டையும் கலந்து சின்னத் தகட்டில் அடித்துத் தந்திருக்கிறார். தகடு இப்போது ஆலந்தலை வீட்டுத் திண்ணையில், வெயில் படும் இடத்தில் கிடக்கிறது. கார் பட்டறையில் பிரைமரின் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. மழை ஈரத்தில் அடித்தால் பூச்சு மங்கிவிடும் என்பதால், ஐப்பசி மழை விடட்டும் என்று காத்திருக்கிறோம்.